மாடியில் வத்தல், மேற்கே கால்பைசாக்கி!

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். "சார், நீங்க வானிலைத் துறையில முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவராமே! இங்கே சித்திரை மாசம் சாயங்காலத்துல திடீர்னு ஒரு காத்து அடிக்குமாம், கல்லு கல்லா மழை கொட்டுமாம். அது எப்போ வரும்னு முன்கூட்டியே சொல்லிட முடியாதா?" என்று கேட்டார்.

"சொல்லலாம், ஆனால்..." என்று ஆரம்பித்தேன். அந்த 'ஆனால்' முடிவதற்குள் அவருடைய காபி ஆறிவிட்டது! பக்கத்தில் நின்றிருந்த நம் பத்திரிகை ஆசிரியர், "இதையே எழுதிக் கொடுத்துடுங்களேன், புதுசா வந்திருக்கிற குடும்பங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். ஆகவே இந்தக் கட்டுரை. இதில் கொஞ்சம் விஞ்ஞானமும் உண்டு, என் வீட்டுக் கதை ஒன்றும் உண்டு. அந்தக் கதையை இதுவரை சங்கத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

நான் 1983-இல் இந்த ஊருக்கு வந்தேன். 2001-இல் ஊரின் பெயர் கொல்கத்தா ஆகிவிட்டது. என் வாய்க்கு மட்டும் இன்னும் கல்கத்தாதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழையாத விருந்தாளி

நமக்குச் சித்திரை பிறக்கும் நாளையொட்டியே வங்காளிகளுக்கும் 'பொய்லா பொய்ஷாக்' வந்துவிடுகிறது. பெயரைப் பார்த்து வைகாசி என்று எண்ண வேண்டாம். இவர்களுடைய பொய்ஷாக் நம்முடைய சித்திரைதான். அந்த மாதத்தில் வந்து நாசம் செய்துவிட்டுப் போவதால் 'கால்பைசாக்கி' என்று பெயர். வடமேற்கிலிருந்து வருவதால் வெள்ளைக்காரர்கள் 'நார்வெஸ்டர்' என்றார்கள். மார்ச் முதல் மே வரை இதன் ராஜ்ஜியம். அஸ்ஸாமில் இருக்கும் நம்மவர்கள் இதன் உறவுக்காரியை 'பர்தோய்சிலா' என்ற பெயரில் அறிவார்கள்.

புயல் என்றால் நம் மக்களுக்குத் தெரிந்தது ஐப்பசி, கார்த்திகைப் புயல். அது வங்கக் கடலில் பிறந்து, பெயர் வைக்கப்பட்டு, 'சென்னைக்குத் தென்கிழக்கே இத்தனை கிலோமீட்டர் தூரத்தில்' என்று நாலைந்து நாள் வானொலியிலும் டி.வி.யிலும் பேசப்பட்ட பிறகுதான் வந்து சேரும். மளிகை வாங்க, மெழுகுவர்த்தி வாங்க நேரம் கொடுக்கும். கால்பைசாக்கி அப்படியல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிறந்து, நாம் படுக்கப் போவதற்குள் முடிந்துவிடும். இடையில் ஒரு பத்து நிமிஷம், அரை மணி நேரம் நம் தெருவைக் கடக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எல்லாமே.

2018 ஏப்ரல் 17 அன்று இரவு எட்டு மணிக்குச் சற்று முன்னால், கால் மணி நேரத்துக்குள் இரண்டு முறை கல்கத்தாவை இது தாக்கியது. முதல் தடவை காற்றின் வேகம் மணிக்கு 84 கிலோமீட்டர். அடுத்த தடவை 98. மரங்கள் விழுந்தும் சுவர்கள் இடிந்தும் பலர் இறந்தார்கள். 2015 ஏப்ரல் 21 அன்று பீகாரில் பூர்ணியா பக்கத்தில் அடித்ததில் நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள்.

குக்கரும் மூடியும்

இது எப்படிப் பிறக்கிறது? நம் வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் வங்கக் கடலிலிருந்து தெற்குக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வங்காளத்துக்குள் வருகிறது. சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறதே, அந்தப் புழுக்கம்தான் அது. இந்த ஈரக் காற்று தரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் உயரம் வரைதான் இருக்கும். அதற்கு மேலே வடமேற்கு இந்தியாவிலிருந்து வருகிற காற்று காய்ந்து, சூடாக, ஒரு மூடி மாதிரி கவிந்து கிடக்கும். கீழே உள்ள ஈரக் காற்று மேலே போகப் பார்க்கும், மூடி விடாது. மணிக்கு மணி வெயில் ஏற ஏற, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும்.

மூடி பெரும்பாலும் முதலில் திறப்பது சோட்டாநாக்பூர் மேட்டு நிலத்தில். ராஞ்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம். அங்கே தரை சூடாகும்போது காற்று மூடியை முட்டிக்கொண்டு மேலே பாய்கிறது. பிறகென்ன? அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் மேகம் எழும்பி நிற்கும். பிறகு மேல் காற்று தள்ளிக்கொண்டு வர, புருலியா, பாங்குரா, பர்த்வான், ஹூக்ளி என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டி, மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கல்கத்தாவுக்கு வந்து சேரும். அதனால்தான் ராஞ்சியில் மத்தியானம் பிறப்பது இங்கே சாயங்காலமோ முன்னிரவிலோ வருகிறது.

கல் எப்படி விழுகிறது? மேகத்துக்குள் மேல்நோக்கிப் பாயும் காற்று நீர்த்துளிகளை உறைநிலைக்கும் மேலே கொண்டுபோகிறது. அங்கே உறையாமல் குளிர்ந்திருக்கும் துளிகள் சின்னப் பனித்துகள்மேல் ஒட்டி உறைகின்றன. கடலை உருண்டை பிடிக்கிற மாதிரி சுற்றுக்குச் சுற்று கல் பெரிதாகிறது. மேலே பாயும் காற்று தாங்குகிற வரை தாங்கும். தாங்காதபோது கல் விழும். வழியில் பாதி கரையும். கரைந்தும் மிச்சமிருப்பதுதான் நம் தலைமேல் விழுவது. 1986 ஏப்ரல் 14 அன்று வங்காள தேசத்தின் கோபால்கஞ்ச் பகுதியில் விழுந்த ஒரு கல் 1.02 கிலோ. உலகத்திலேயே எடை அதிகமான கல் என்று பதிவாகியிருப்பது அதுதான். அதற்கும் முன்பு, 1888 ஏப்ரல் 30 அன்று, உத்தரப் பிரதேசத்து மொராதாபாதில் ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தார்கள். அதுவும் உலகப் பதிவுதான்.

காற்று எப்படி வருகிறது? மேகத்திலிருந்து விழுகிற மழை, நடுவிலுள்ள காய்ந்த காற்றில் ஆவியாகும்போது அந்தக் காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. தொப்பென்று தரையில் விழுந்து நாலா பக்கமும் சிதறுகிறது. மழைக்கு முன்னால் சில்லென்று ஒரு காற்று வந்து, "அப்பாடா!" என்று நாம் மாடிக்கு ஓடுகிறோமே, அது சுகமான காற்று இல்லை ஐயா, புயலின் முதல் கால்!

'ஓரிரு இடங்களில்'

இனி அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

'வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்' என்று நம் ஊர் வானொலியில் கேட்டுக் கேட்டுச் சிரித்திருப்போம். "அந்த ஓரிரு இடம் எது சார்?" என்று என்னையே கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வார்த்தைக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியிலுள்ள வானிலை நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பெய்தால் 'ஓரிரு இடங்கள்'. கால் பங்குக்கு மேல் பாதி வரை 'சில இடங்கள்'. அதற்கு மேல் 'பல இடங்கள்'. இது மழுப்பல் இல்லை; இவ்வளவுதான் தெரியும் என்று நேர்மையாகச் சொல்வது.

இந்தப் புயலை மூன்று படியாகத்தான் சொல்ல முடியும். முதல் நாளே, 'நாளைக்கு வரக்கூடிய நிலைமை இருக்கிறது' என்று சொல்லலாம். அன்று காலையில், பலூன் அனுப்பிப் பார்த்தால், 'இன்றைக்கு வந்தால் பலமாக வரும்' என்று சொல்லலாம். மேகம் பிறந்த பிறகு ரேடாரில் பார்த்து, 'இரண்டு மணி நேரத்தில் இந்தப் பக்கம் வருகிறது' என்று சொல்லலாம். ஆனால் காலை எட்டு மணிக்கே 'லேக் மார்க்கெட்டில் ஐந்து மணிக்குக் கல் விழும்' என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. மேகத்தின் அகலம் பத்து இருபது கிலோமீட்டர். அது எந்த மூலையில் மூடியைத் திறக்கும் என்பது திறந்த பிறகுதான் தெரியும்.

பலூன் என்றேன். டம்டமில் விடியற்காலையில் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி விடுவோம். அது மேலே போகப் போக வெப்பம், ஈரம், அழுத்தம் மூன்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். அதை 'டீ-ஃபை கிராம்' என்ற தாளில் கோடாக வரைவோம். ஈரம் எவ்வளவு உயரம் வரை இருக்கிறது, மூடி எவ்வளவு கெட்டி, திறந்தால் எவ்வளவு வேகமாகப் பொங்கும் என்பதெல்லாம் அந்தக் கோடுகளுக்கு நடுவில் தெரியும். ஜாதகம் பார்க்கிற மாதிரிதான், ஆனால் கிரகங்களுக்குப் பதில் காற்று!

அந்தச் சனிக்கிழமை

இப்போது என் வீட்டுக் கதை.

1988 ஏப்ரல் மாதம். தெற்குக் கல்கத்தாவில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அதற்கு மேலே மொட்டை மாடி. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். அம்மா வந்தால் கூழ் வத்தல் போடாமல் திரும்ப மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நாளைக்குக் கூழ் காய்ச்சி வத்தல் போடலாம்னு அத்தை சொல்றாங்க. மழை வருமா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆபீசில் எழுதுகிற பாஷையிலேயே பதில் சொன்னேன். "வாய்ப்பு இருக்கு. உறுதியாச் சொல்ல முடியாது."

அம்மா உள்ளேயிருந்து, "ஏண்டா, வரும்னா வரும்னு சொல்லு, வராதுன்னா வராதுன்னு சொல்லு. வாய்ப்புன்னா பாதி மாடியிலயா வத்தல் போடறது?" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். விடிந்ததும் வத்தல் போட்டுவிட்டார்கள்.

நான் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டேன். அன்றைய டீ-ஃபை கிராமைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே நல்ல ஈரம், மேலே கெட்டியான மூடி, அதற்கு மேலே பொங்குவதற்கு இடம். "இன்னிக்கு வந்தா சும்மா வராது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. இரண்டரை மணிக்கு, ரேடாரின் வட்டத் திரையில் பாங்குராவுக்கு மேற்கே வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. அடுத்தடுத்த சுற்றில் அந்தக் கோடு நகர்ந்தது. பென்சிலால் குறித்து, வேகத்தைக் கணக்கிட்டு, ஐந்து மணிக்கு முன்னும் பின்னும் கல்கத்தா என்று எழுதிக் கொடுத்தோம். நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களைக் கட்டி வைக்கும்படி விமான நிலையத்துக்கு எச்சரிக்கை போயிற்று. விமானங்களைக் கட்டி வைத்தார்கள்.

என் வீட்டுக்கு நான் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் போன் இல்லை. ஆனால் கீழே வீட்டுக்காரர் வீட்டில் இருந்தது. அந்த நம்பர் என் டைரியில் இருந்தது. ஆறு எண்ணைச் சுழற்றி, "மாடியில் வத்தல் இருக்கு, நாலு மணிக்கு எடுத்துடச் சொல்லுங்க, அப்புறம் யாரும் மேலே போக வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. எச்சரிக்கை எழுதியாகிவிட்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

நாலே முக்காலுக்கு மேற்கு வானம் மை கொட்டினது போல் ஆனது. வத்தல் நனைந்துவிடுமே என்று என் மனைவி மாடிக்கு ஓடினாள். பின்னாலேயே ஆறு வயது மகளும், "நானும் வரேன்ம்மா" என்று ஓடினாள். துணியின் இரண்டு முனையை அம்மாவும் இரண்டு முனையைப் பெண்ணும் பிடித்துச் சுருட்டும்போது சில்லென்று காற்று வந்தது. அடுத்த நிமிஷம் துணி கையில் இல்லை. கல் விழ ஆரம்பித்தது, எலுமிச்சம்பழம் அளவில். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த தகரம் பிய்த்துக்கொண்டு வந்து குழந்தையின் நெற்றியில் பட்டது. என் மனைவி அவளைத் தூக்கி, முதுகில் கல் அடி வாங்கிக்கொண்டே படிக்கட்டுக்கு வந்திருக்கிறாள்.

நான் ராத்திரி எட்டு மணிக்கு விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு வீடு வந்தபோது குழந்தை கட்டுப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு தையல். கண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே. அம்மா பேசவில்லை. என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

முன்னறிவிப்பு எப்போது முடிகிறது?

அன்றைக்குக் கற்றதை வேலையில் இருந்தவரை எனக்குக் கீழே வந்த பையன்களுக்கெல்லாம் சொன்னேன். முன்னறிவிப்பு, நாம் தாளில் எழுதும்போது முடிவதில்லை. கேட்கிறவர் மாடிப்படியில் காலை வைக்காமல் நிற்கும்போதுதான் முடிகிறது. 'வாய்ப்பு இருக்கு' என்பது உண்மை. ஆனால் அது பாதிதான். 'ஆகவே மூணு மணிக்கு மேல் மாடிக்குப் போகாதே' என்பது மீதிப் பாதி. மீதிப் பாதியைச் சொல்லாதவன் முதல் பாதியைச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

இன்று வசதிகள் எவ்வளவோ கூடிவிட்டன. 2002-இல் சென்னையில் வானிலைத் துறையின் முதல் டாப்ளர் ரேடார் வந்தது. அடுத்த ஆண்டே கல்கத்தாவுக்கும் வந்தது. பழைய ரேடார் மேகம் எங்கே என்று மட்டும் சொல்லும். டாப்ளர், கிட்டே வருகிற ரயிலின் விசில் தொனி மாறுவதை வைத்து நாம் கண்டுபிடிக்கிற மாதிரி, மேகத்துக்குள் காற்று எவ்வளவு வேகமாக நம்மை நோக்கி வருகிறது என்பதையும் சொல்லும். அந்தப் படத்தை இப்போது யார் வேண்டுமானாலும் கைபேசியில் பார்க்கலாம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை நிறங்கள், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்புகள், மின்னல் பக்கத்தில் விழுகிறதா என்று காட்டும் 'தாமினி' செயலி, எல்லாம் உண்டு. ஆனால் கைபேசியில் வந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பையில் போட்டுக்கொள்கிறவர், 1988-இல் நான் செய்ததைத்தான் செய்கிறார்.

எச்சரித்தும் வராமல் போகிற நாட்கள் உண்டு. மூடி திறக்காமலே பொழுது போய்விடும். அல்லது பக்கத்து ஜில்லாவோடு போய்விடும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வராத நாளில் நமக்கு நஷ்டம் ஒரு வெயில். வந்த நாளின் நஷ்டத்தை என் மகளின் நெற்றியில் பார்க்கலாம்.

புது வீட்டுக்காரர்களுக்கும் விழாக் குழுவுக்கும்

சித்திரை மாதத்தில் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தடவை ரேடார் படத்தைப் பாருங்கள். புருலியா, பாங்குரா பக்கம் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால் நமக்கு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிறது. வத்தல், துணிமணி, பூந்தொட்டி எல்லாவற்றையும் அப்போதே உள்ளே எடுங்கள். மேற்கு வானம் கறுத்த பிறகு மாடிக்குப் போகாதீர்கள். போவது வத்தலுக்காக இருந்தாலும் சரி, போட்டோவுக்காக இருந்தாலும் சரி. மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் ஒதுங்க வேண்டாம். கடைசி இடி கேட்ட பிறகு அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள்.

விழாக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரைத் திருவிழாவைத் திறந்த மைதானத்தில் பந்தல் போட்டு நடத்துகிறோம். குழந்தைகள் நாடகம் ஐந்து மணிக்கு. கால்பைசாக்கிக்கும் அதுதான் நேரம்! தயவுசெய்து ஒருவருக்கு இந்தப் பொறுப்பை மட்டும் கொடுங்கள். அவர் இரண்டு மணியிலிருந்து ரேடாரைப் பார்க்கட்டும். அவர் நிறுத்து என்றால், தலைவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். பக்கத்தில் கான்கிரீட் கூரை போட்ட ஒரு கூடத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வேறு ஆள் கிடைக்காவிட்டால் இந்தக் கிழவன் இருக்கிறேன்.

என் மகள் இப்போது சால்ட் லேக்கில் இருக்கிறாள். அவளுக்கே கல்லூரிக்குப் போகும் பையன் இருக்கிறான். இன்றும் சித்திரை மாதத்தில் மத்தியானம் போன் அடித்தால் எனக்குத் தெரியும், அவள்தான். "அப்பா, பாங்குரா தாண்டிடுச்சு. நாலரைக்குள்ள ஜன்னலைச் சாத்திடுங்க. அம்மாவை மாடிக்கு விடாதீங்க" என்பாள்.

எப்போது, எங்கே, என்ன செய்ய வேண்டும் - மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பாள்.